கண்மாய் வரைபடத்துக்கு வெக்டரா, ராஸ்டரா?

வைகைப் பாசனத்தின் கடைமடைப் பகுதியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கும் சில கண்மாய்களுக்கு வரைபடம் தயாரித்தபோது, தரவை எந்த வடிவில் வைப்பது என்பதை எங்கள் குழு முடிவு செய்ய வேண்டியிருந்தது. புள்ளி, கோடு, பலகோணம் என வரைவது வெக்டர். நிலத்தைச் சம அளவுக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பைத் தருவது ராஸ்டர். நான் வெக்டரின் பக்கம் நிற்பதற்குக் காரணம் பராமரிப்பு.

ராஸ்டரில்தான் தொடங்கினோம். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பச்சை, அண்மை அகச்சிவப்பு ஆகிய ஒளி அலைவரிசைப் பட்டைகளைக் கொண்டு நீர்ப்பரப்பைப் பிரித்தெடுப்பதும் எளிது. ஆனால் அந்தப் பட்டைகளில் ஒரு பிக்சல் தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர் என்பதால், 3 மீட்டர் அகல வரத்துக் கால்வாய் பக்கத்து வயலோடு கலந்து மறைந்துவிடுகிறது. சீமைக் கருவேலம் அடர்ந்த கண்மாயில் முழங்கால் அளவு நீர் நின்றாலும் படத்தில் மரங்கள் மட்டுமே தெரிகின்றன. களத்தில் பார்த்துவந்து கட்டங்களைக் கையால் திருத்தினோம். அடுத்த படத்தைக் கொண்டு வரைபடத்தைப் புதுப்பித்ததும் திருத்தங்கள் போய், பழைய பிழைகள் அப்படியே திரும்பின. மூன்று முறை இதே வேலையைச் செய்த பிறகுதான் வெக்டருக்கு மாறினோம்.

கரையின் நடுவில் நாங்கள் குறித்திருந்த ஒரு மடை, உண்மையில் 40 மீட்டர் தெற்கே இருப்பதை ஊர் நீர்ப்பாய்ச்சி அழைத்துச் சென்று காட்டினார். கியூஜிஐஎஸ் மென்பொருளில் அந்த ஒரு புள்ளியை நகர்த்தி, மடையின் பெயரையும் பார்த்த தேதியையும் ‘ஷட்டர் பழுது’ என்ற குறிப்பையும் சேர்க்க இரண்டு நிமிடமே ஆனது. அதன்பின் எத்தனை புதிய படங்கள் வந்தாலும் அந்தத் திருத்தம் அழியவில்லை. கலுங்கில் வழியும் நீர் அடுத்து எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்பதையும் கோட்டின் திசையாகவே பதிய முடிகிறது.

முதல்முறை எல்லைகளை வரைய வாரக்கணக்கில் ஆகும் என்பது உண்மை. வெக்டர் தரவுக்கான பழைய கோப்பு வடிவமான ஷேப்ஃபைலில் வைத்தால், தகவல் அட்டவணைக்குத் தமிழில் சரியாகத் தலைப்பிடவும் முடியாது: அட்டவணையின் ஒரு நெடுவரிசைப் பெயருக்குப் 10 பைட்தான் இடம், எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ‘நீ’ என்ற ஓரெழுத்துக்கே 6 பைட் போய்விடும். ஆகவே இந்தக் கட்டுப்பாடு இல்லாத ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வடிவத்தையே பரிந்துரைக்கிறேன்.

மாதந்தோறும் மாறும் நீர்ப்பரப்புக்கு மட்டும் ராஸ்டரே பொருத்தம். அதை வெக்டர் எல்லையின் மேல் வைத்து, கண்மாயில் எவ்வளவு பகுதி நிரம்பியிருக்கிறது என்று கணக்கிடுகிறோம். நான் வேலை செய்ததெல்லாம் சமவெளியில்தான்; மலைச்சரிவு, காடு போன்ற இடங்களுக்கும் இதே முடிவைச் சொல்லுமளவு எனக்கு அனுபவம் இல்லை.