மேலே திறப்பு வந்தால் சரி: சைஃபன் செயலி

கொக்குவிலில் வீட்டு முன்னறையில் இருந்து பிளவுஸ் தைக்கிறேன். அளவு, கழுத்து டிசைன், துணியின் படம் எல்லாம் வட்ஸ்அப்பில்தான் வரும். பாதி வாடிக்கையாளர்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். வட்ஸ்அப்பை அரசாங்கம் பூட்டினால் என் மெஷினும் நின்றுவிடும். 2018 மார்ச்சில், கண்டிப் பக்கம் கலவரம் நடந்தபோது பூட்டினார்கள். ஒரு வாரம்தானே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

2019 உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்து, மறுபடியும் வட்ஸ்அப்பைப் பூட்டியபோது அப்படி இருக்க முடியவில்லை. சின்னம்மா வீடு கொட்டாஞ்சேனையில், கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு நடந்து போகும் தூரம். லேண்ட்லைனில் அவரைப் பிடித்துவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஸ்காபரோவில் இருக்கும் அக்காவுக்கு நான் போட்ட "சின்னம்மா சுகம்" என்ற மெசேஜ் போகவே இல்லை. ஒரு சரிக்குறி கூட விழவில்லை. பக்கத்தில் அந்தச் சின்ன மணிக்கூட்டுப் படம் மட்டும் அப்படியே நின்றது.

பதற்றத்தில் பிளே ஸ்டோரில் முதலில் கண்ட இலவச விபிஎன் ஒன்றை, அதாவது நம் இணையத்தை வேறொரு கணினி வழியாகச் சுற்றி அனுப்பித் தடையைத் தாண்டவைக்கும் செயலி ஒன்றை, இறக்கினேன். பெயர் வேண்டாம். தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்டது, கொடுத்தேன். இருக்கும் இடத்தைப் பார்க்கக் கேட்டது, அதையும் கொடுத்தேன். மெசேஜ் போனது உண்மை. ஆனால் இரவுக்குள் போன் தோசைக்கல் மாதிரிச் சுட்டது, ஏதாவது தொட்டால் முழுத்திரைக்கு விளம்பரம். அக்காவின் மகனிடம் சொன்னதும், "சித்தி, முதல்ல அதை அழியுங்கோ" என்று மின்னஞ்சலில் சைஃபன் என்ற வேறொரு தடைதாண்டும் செயலியின் லிங்க் அனுப்பினான். மின்னஞ்சலை யாரும் பூட்டவில்லை.

அவன் பயந்ததில் நியாயம் இருக்கிறது. ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்களும் வேறு சிலரும் சேர்ந்து 283 ஆண்ட்ராய்ட் விபிஎன் செயலிகளை ஆராய்ந்து 2016இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 38 சதவீதத்தில் மல்வேர், அதாவது போனுக்குக் கெடுதல் செய்யும் நிரல், இருப்பதற்கான அறிகுறி இருந்தது. 18 சதவீதம், போகிற தகவலை மற்றவர்கள் வாசிக்க முடியாதபடி மறைகுறியாக்கவே இல்லை. கள்ளன் கையில் வீட்டுத் திறப்பை (சாவியை) கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்ப் படுத்த கதைதான்.

சைஃபன், ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லாப் என்ற ஆய்வுக்கூடத்தில் பிறந்தது, 2006இல் வெளியானது. அதன் நிரலை யாரும் எடுத்துப் பார்க்கலாம். மின்னஞ்சல் கேட்காது, பதிவும் கேட்காது. ஸ்டார்ட் என்ற பொத்தானை அழுத்தினால் ஒரே நேரத்தில் பல சேர்வர்களைப் பல வழிகளில் தட்டிப் பார்க்கும். எது முதலில் திறக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். ஒன்றைப் பூட்டினால் அடுத்தது. இணைந்திருக்கும்போது புதிய சேர்வர்களின் விவரத்தையும் வாங்கிச் சேர்த்து வைக்கும். அதனால்தான் சொல்கிறேன், பூட்டு விழுந்த பிறகு தேடி ஓடாதீர்கள். எல்லாம் திறந்திருக்கும் நாளிலேயே இறக்கி, நாலு தடவை இணைத்துப் பார்த்து வையுங்கள்.

அம்மாவுக்கு வயது 74. அவருக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று: பொத்தானை அழுத்தினால் திரையின் மேல் ஓரத்தில் சின்னத் திறப்புப் படம் வரும், வந்த பிறகு அக்காவுக்கு எடுக்கலாம். "திறப்பு வந்திட்டுது பிள்ளை" என்று குசினியிலிருந்து சத்தம் போடுவார். ஏப்ரல் 30இல் தடையை எடுக்கும்வரை வீட்டில் அந்தச் சத்தம்தான்.

குறை இல்லாமல் இல்லை. இலவசமாக எடுத்தால் விளம்பரம் உண்டு, வேகத்துக்கும் ஒரு எல்லை உண்டு. எனக்குப் படம் வாங்கவும் பேசவும் அது போதும். இன்னொன்று முக்கியம்: இது பூட்டைத் தாண்டத்தான், ஆளை மறைக்க அல்ல. இதை அவர்களே சொல்கிறார்கள். யாரென்று தெரியக்கூடாத வேலை செய்கிறவர்கள், ஆளை மறைப்பதற்கென்றே இருக்கும் டோர் என்ற வலையமைப்பின் பக்கம் போகவேண்டும். அது மூன்று இடம் சுற்றிப் போவதால் மெதுவாக இருக்கும், குரல் அழைப்புக்குச் சரிவராது.

அப்புறம் டேட்டா கணக்கு. 2022 ஏப்ரல் 3, ஊரடங்கு ஞாயிறு. நள்ளிரவிலேயே வட்ஸ்அப்பையும் பூட்டிவிட்டார்கள். சைஃபனைப் போட்டேன், ஓடியது. மத்தியானத்துக்குள் ரீலோட் செய்த காசு முழுக்கத் தீர்ந்துவிட்டது! நான் வாங்கியிருந்தது வட்ஸ்அப், பேஸ்புக்குக்கான சோஷல் மீடியா பேக். விபிஎன்னுக்குள்ளே ஓடுவது வட்ஸ்அப்தான் என்று கம்பனிக்குத் தெரியாதே, சாதாரண டேட்டா என்று வெட்டிக்கொண்டே போனது. வாடிக்கையாளர் சேவைக்கு எடுத்தால், "பேக்கில் இன்னும் மிச்சம் இருக்கு மிஸ்" என்கிறார்கள். இருக்கத்தானே செய்யும்! கடைகளும் பூட்டு, ரீலோட் போட வழியில்லை. அதிலிருந்து எந்த நேரமும் கொஞ்சம் சாதாரண டேட்டா வைத்திருக்கிறேன்.

அன்று பின்னேரமே தடையை எடுத்துவிட்டார்கள். அப்போது அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே, தானும் விபிஎன் வழியாகத்தான் வந்திருப்பதாகவும் இப்படித் தடை போடுவதில் பயனில்லை என்றும் ட்விட்டரில் எழுதினார். பூட்டுகிற வீட்டிலேயே இப்படி என்றால் நாங்கள் எதற்குக் கூச்சப்பட?

2023இல் வட்ஸ்அப்பே பிராக்ஸி வசதி, அதாவது இடையில் இன்னொரு கணினி வழியாக இணையும் வசதி, கொடுத்திருக்கிறது. வெளிநாட்டில் யாராவது ஒரு பிராக்ஸியை நடத்தி, அதன் முகவரியைத் தந்தால் செட்டிங்ஸில் போட்டுக்கொள்ளலாம். அக்காவின் மகன் செய்து தருகிறேன் என்றான், இன்னும் செய்கிறான். அதுவரை சைஃபன்தான். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், ஒன்றை விளம்பரத்துக்காகக் குறைத்துக்கொள்கிறேன்.

2024இல், இணையத்தில் போடுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்டதால் செயலியை அழிக்கவில்லை. மாதம் ஒருமுறை அம்மாவின் போனில் போட்டுப் பார்ப்பேன். போனவாரம் அணைக்க மறந்துவிட்டேன். மேலே திறப்பைக் கண்டதும் போனைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்து நிற்கிறார்:

"இண்டைக்கும் பூட்டிட்டாங்களோ பிள்ளை?"