போலி வங்கி மின்னஞ்சல்: புகாரை எங்கே அனுப்புவது?

வங்கியின் பெயரில் வரும் மோசடி மின்னஞ்சலைப் பற்றிப் புகார் செய்ய மூன்று வழிகள் உள்ளன. அவை ஒரே பயனைத் தருவதில்லை என்பதால், எதை முதலில் செய்வது என்பதைத் தீர்மானித்துக்கொள்வது நல்லது.

மிக எளியது, மின்னஞ்சல் செயலியிலேயே உள்ள புகார் பொத்தான். ஜிமெயிலில் மூன்று புள்ளி மெனுவுக்குள் 'ரிப்போர்ட் ஃபிஷிங்' என்று இருக்கும். அதை அழுத்தினால் மின்னஞ்சல் நிறுவனத்தின் வடிகட்டி கூர்மையாகும்; ஆனால் வங்கிக்குத் தகவல் போய்ச் சேரும் என்று எண்ணிவிடக் கூடாது.

வங்கி இதற்கென வைத்திருக்கும் முகவரிக்கு அனுப்புவதில் சற்றுக் கூடுதல் வேலை உண்டு. பலன் இதில்தான் அதிகம். தன் பெயரைத் திருடிய போலித் தளத்தை முடக்கச் சொல்லிக் கேட்கும் நிலையில் வங்கியே இருக்கிறது. ஆனால் வெறுமனே ஃபார்வர்ட் செய்தால் அது உங்களிடமிருந்து புறப்படும் புதிய மின்னஞ்சலாகிவிடுகிறது. மூல மின்னஞ்சலின் ஹெடர், அதாவது அது வந்த வழியைக் குறிக்கும் மறைவான தலைப்பு வரிகள், தொலைந்துபோகிறது. அனுப்புநர் பெயராக யாரும் எதையும் எழுதிவிடலாம். எந்த சர்வர் வழியாக வந்தது, அனுப்பியதாகக் காட்டும் முகவரி போலியா என்று அறிய உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் சோதனைகளில் தேறியதா என்பதெல்லாம் ஹெடரில்தான் பதிவாகின்றன. அதிலும் கீழ்வரிகளை மோசடிக்காரரே புனைந்திருக்கக்கூடும் என்பதால், நம் தரப்பு சர்வர் சேர்த்த மேல்வரிகளையே புலனாய்வோர் நம்புவர். எனவே 'ஃபார்வர்ட் ஆஸ் அட்டாச்மென்ட்' முறையில், மூலத்தை அப்படியே இணைப்பாக அனுப்புவதே சரி. பலரும் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டில் ஹெடரும் இல்லை, பொத்தானுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இணைப்பும் இல்லை.

மூன்றாவது வழி, மின்னஞ்சலை விட்டுவிட்டுப் போலித் தளத்தின் முகவரியை மட்டும் ஆபத்தான தளங்களைத் தொகுக்கும் கூகுளின் சேஃப் பிரவுசிங் பட்டியலுக்குத் தெரிவிப்பது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி ஆகியவை அந்தப் பட்டியலைப் பார்ப்பதால், தளம் முடக்கப்படும் முன்பே பிறருக்கு எச்சரிக்கை தோன்ற வழியுண்டு. முகவரியை நகலெடுப்பதைக் கணினியில் செய்வது மேல். கைபேசியில் இணைப்பை நெடுநேரம் அழுத்தினால் சில செயலிகள் முன்னோட்டமாக அந்தப் பக்கத்தையே திறந்துவிடும்.

என் தேர்வு, வங்கிக்கு முதலில், பொத்தான் அதன் பிறகு. பொத்தானை அழுத்தியதும் மின்னஞ்சல் ஸ்பேமுக்குப் போய்விடுவதால், பிறகு தேடி எடுக்கவேண்டியிருக்கும். மூன்றாவதை நேரமிருப்பவர் செய்யலாம். கடவுச்சொல்லையோ அட்டை எண்ணையோ ஏற்கெனவே கொடுத்துவிட்டவருக்கு இந்த வரிசை பொருந்தாது. அவர் அட்டையின் பின்புறமுள்ள எண்ணில் வங்கியை உடனே அழைத்து, அட்டையையும் இணையவழிக் கணக்கையும் முடக்கச் சொல்ல வேண்டும், புகாரெல்லாம் அதற்குப் பிறகுதான்.