அலுவலக மாடியில் தேனீப் பெட்டி: பெட்டியில் குறையில்லை, ஆனாலும் வைக்காதீர்கள்

வேறொரு கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பர், தங்கள் ஆபீஸ் மாடியிலும் தேனீப் பெட்டி வைக்கப் போவதாகச் சொல்லி, எங்கள் அனுபவம் எப்படி என்று கேட்டார். பதில் நீளம்.

எங்களுடையது நியூட்டன் பெட்டி, அதாவது நம்ம ஊர்த் தேனீக்கான சிறிய மரப்பெட்டி, உள்ளே நம்ம ஊர் அடுக்குத் தேனீ. பெட்டியைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்து, கிண்ணம் காயாமல் பார்த்துக்கொண்டால் எறும்பு ஏறாது. உயரமான கட்டடங்களில் தொங்கும் மலைத்தேனீயை மனதில் வைத்துக்கொண்டு எல்லோரும் முதலில் பயந்தார்கள், ஆனால் இது சாது. பங்குனி, சித்திரையில் புங்கையும் வேம்பும் பூத்தபோது, பின்னங்கால்களில் மகரந்த உருண்டையோடு அவை வாசலில் வந்து இறங்குவதைப் பார்க்கவே மதிய சாப்பாட்டுக்குப் பிறகு மாடிக்கு வருகிறவர்கள் உண்டு. நானும் ஒருவன். மன அழுத்தமான நாட்களில் அதைவிட நல்ல இடம் அந்த வளாகத்தில் இல்லை.

சரி, இப்போது கோபத்துக்கு வருகிறேன். கொசு மருந்துப் புகை! மழைக்காலம் தொடங்கினால் பராமரிப்பு ஒப்பந்தக்காரர் ஆட்களை அனுப்புகிறார், அவர்கள் காலை பத்து மணிக்கு, வேலைக்காரத் தேனீக்கள் எல்லாம் வெளியே பறந்துகொண்டிருக்கும் நேரத்தில், தோட்டம் முழுக்கப் புகை அடித்துவிட்டுப் போகிறார்கள். மறுநாள் பெட்டி வாசலில் நாக்கு நீட்டியபடி செத்துக் கிடக்கின்றன. டெங்கு பயம் நியாயம்தான், புகை அடிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதல் நாளே சொன்னால் போதும், இருட்டியதும் எல்லாம் உள்ளே அடைந்த பிறகு வாசலை மூடி வைத்துவிடலாம். எத்தனை மெயில் போட்டும் இது நடக்கவில்லை. அப்புறம் புல்வெளி. தானாக முளைக்கிற தும்பையையும் வெட்டுக்காயப்பூண்டையும் களை என்று வழித்துவிட்டு குரோட்டன்ஸ் நடுகிறார்கள். கடைசியில் சர்க்கரைப் பாகு கொடுத்துத்தான் கூட்டத்தைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. தீனி இல்லாவிட்டால் அடுக்குத் தேனீ பெட்டியையே காலி செய்துவிட்டுப் போய்விடும், பெட்டிகளில் வளர்க்கும் வெளிநாட்டு வகையான இத்தாலியத் தேனீயைப் போல் பொறுத்துக்கொண்டிருக்காது.

லண்டனிலும் இதே கதைதான். மாடிக்கு மாடி பெட்டிகள் பெருகின, பூக்கள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. மற்ற காட்டுத் தேனீக்களின் உணவுக்கும் அது போட்டியாகிறது என்று கியூ தாவரவியல் பூங்காவின் 2020 அறிக்கை எச்சரித்தது. நம்முடையது மண்ணின் தேனீ, அந்த வகையில் பரவாயில்லை, ஆனால் பசி பசிதான்.

அதனால் நண்பருக்கு என் பதில்: வேண்டாம். அந்தப் பணத்தில் புங்கை, முருங்கை, கொடிரோஸ் நடச் சொல்லுங்கள், அடுக்குத் தேனீ தானாக வரும், கொட்டாத குட்டிக் கொசுத்தேனீயும் வரும். நிர்வாகம் பெட்டிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், புகை அடிக்கும் தேதியை முன்கூட்டியே சொல்வோம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பிறகு தேனீ வளர்ப்புக்குப் பேர்போன மார்த்தாண்டம் பக்கம் போய் நல்ல மரப் பெட்டியாகப் பார்த்து எடுங்கள்.