நீட்ட முடியாத மூன்று குறும்படங்கள்

தமிழில் குறும்படம் என்றால் பெரும்பாலும் தயாரிப்பாளரிடம் நீட்டுவதற்கான விசிட்டிங் கார்டு என்றே பொருள். கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குனர்’ நிகழ்ச்சியிலிருந்து கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி போன்றோர் வெள்ளித்திரைக்கு வந்ததும், பாலாஜி மோகனின் ‘காதலில் சொதப்புவது எப்படி’ குறும்படமாக ஓடிப் பிறகு 2012இல் முழுநீளப் படமானதும் இந்த எண்ணத்தை உறுதிப்படுத்திவிட்டன. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் ஒரு குறும்படத்தைப் பார்த்து முடித்ததும் “இதைப் பெரிய படமாகவே எடுக்கலாமே” என்று சொல்வதை நாம் பாராட்டாக நினைத்துக்கொள்கிறோம்; எனக்கு அது குறை சொல்வதாகவே படுகிறது. நான் மீண்டும் மீண்டும் பார்க்கும் மூன்று படங்களும் இன்னும் பத்து நிமிடம் ஓடியிருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

முதலாவது, பிரான்சின் க்ரிஸ் மார்க்கர் 1962இல் எடுத்த ‘லா ஜெத்தே’. 28 நிமிடப் படம். ஏறக்குறைய முழுவதும் அசையாத கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள், அவற்றின் மேல் ஒரு கதைசொல்லியின் குரல். மூன்றாம் உலகப் போரில் பாரிஸ் அழிந்தபின் நிலத்தடியில் அடைபட்டுக் கிடக்கும் கைதி ஒருவனை, சிறு வயதில் ஓர்லி விமான நிலையத்தில் பார்த்த ஒரு பெண்ணின் முகம் விடாமல் பற்றியிருக்கிறது. அந்த நினைவின் வலுவைக் கண்ட ஆய்வாளர்கள் அவனையே கடந்த காலத்துக்கு அனுப்புகிறார்கள். காலப்பயணத்துக்கு எந்திரமோ மின்னலோ கிடையாது; கண்களை மூடிக் கட்டிய ஒரு முகமும், பின்னணியில் ஜெர்மன் மொழியில் கேட்கும் கிசுகிசுப்பும் மட்டுமே. பாதிக்குச் சற்று மேல் அந்தப் பெண் படுக்கையில் உறங்கும் படங்கள் ஒன்றில் ஒன்று கரைந்துகொண்டே வருகின்றன, பறவைகளின் ஒலி கூடிக்கொண்டே போகிறது, திடீரென்று அவள் கண்ணைத் திறந்து இமைக்கிறாள். படத்தில் உண்மையாகவே அசையும் இடம் அது ஒன்றுதான். அதுவும் சில நொடிகள். முதல் முறை பார்த்தபோது நான் மடிக்கணினியில் ஏதோ கோளாறு என்றெண்ணிப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தேன். இருபது நிமிடம் அசைவுக்காகப் பட்டினி போட்டுவிட்டு ஓர் இமைப்பைப் பரிமாறும் துணிச்சல் அது. இதைத் தழுவி 1995இல் ஹாலிவுட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படமொன்று வந்தது. நல்ல படம்தான், ஆனால் எல்லாமே அசையும் அந்தப் படத்தில் இப்படி ஒரு நொடிக்கு இடமே இல்லை. ஆங்கிலக் குரல் கொண்ட வடிவமும் உண்டு. என் பரிந்துரை, பிரெஞ்சுக் குரலை வைத்துக்கொண்டு துணைவரிகளோடு பார்ப்பது.

இரண்டாவதைப் பற்றிப் பேச, ‘ரத்தக்கண்ணீர்’ பார்த்து வளர்ந்தவன் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். எம். ஆர். ராதாவின் நடிப்பில் எனக்கு இன்றும் மயக்கம் உண்டு. ஆனால் 1954இல் வந்த அந்தப் படம், தொழுநோயை ஒருவன் ஆடிய ஆட்டத்துக்குக் கிடைத்த தண்டனையாக நம் மனத்தில் பதித்துவிட்டது. அதன்பின் எட்டு ஆண்டுகள் கழித்து, ஈரானியக் கவிஞர் ஃபரூக் ஃபரக்ஸாத் தப்ரீஸ் நகருக்கு அருகிலுள்ள தொழுநோயாளர் குடியிருப்பில் பன்னிரண்டு நாட்களில் எடுத்த ‘வீடு கறுப்பு’ படத்தில் அந்தக் கணக்கே இல்லை. சுமார் 22 நிமிடங்கள் ஓடும் இதில், முகம் சிதைந்த பெண்ணொருத்தி கண்ணாடி பார்க்கிறாள். ஒரு பெண்ணுக்குக் கண்மை தீட்டப்படுகிறது. ஒரு மனிதர் சுவரோரமாக அங்குமிங்கும் நடந்துகொண்டே இருக்க, ஃபரக்ஸாதின் குரல் கிழமைகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போகிறது. சனி, ஞாயிறு, திங்கள் என்று வெறும் பெயர்கள்தாம். காலண்டரில் தாள் கிழிக்கும்போது சில நாட்கள் அந்தக் குரல் எனக்குக் கேட்டது உண்டு.

வகுப்பறைக் காட்சி ஒன்று இருக்கிறது. அழகான பொருட்கள் சிலவற்றைச் சொல் என்று ஆசிரியர் கேட்க, ஒரு பையன் நிலவு, சூரியன், பூ, விளையாட்டு என்கிறான். அசிங்கமானவை எவை என்று கேட்டதும் இன்னொருவன் கை, கால், தலை என்கிறான், வகுப்பே சிரிக்கிறது. அந்தச் சிரிப்பை எங்கே வைத்துக்கொள்வதென்று பார்ப்பவருக்குத் தெரியாது. படத்தில் ஓர் ஆண் குரல், இந்நோய் பரம்பரை நோயல்ல, குணப்படுத்தக்கூடியது என்று மருத்துவத் தகவல்களை அடுக்கும் பகுதியும் வருகிறது. தொழுநோயாளர் உதவிச் சங்கத்துக்காக எடுக்கப்பட்ட படம் என்பதால் அதைத் தவிர்த்திருக்க இயலாது. ஆயினும் அந்தப் பகுதியில் மட்டும் கவிஞர் அறையை விட்டு வெளியே போய்விட்டது போல் இருக்கிறது. துணைவரிகளைப் படிக்கும் அவசரத்தில் கவிதை நழுவும் என்பதால் இதை இரண்டு முறை பார்ப்பதே நல்லது. இரண்டாம் முறை ஒலியை மட்டும் கேட்டுப் படத்தை மட்டும் பார்க்க வேண்டும். அந்தக் குடியிருப்பிலிருந்து ஒரு சிறுவனைத் தத்தெடுத்துக்கொண்ட ஃபரக்ஸாத், 1967இல் 32 வயதில் கார் விபத்தில் இறந்துபோனார்.

மூன்றாவது, அமெரிக்காவின் டான் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் 2015இல் வெளியிட்ட ‘வேர்ல்டு ஆஃப் டுமாரோ’ என்ற 17 நிமிட அனிமேஷன். உருவங்களெல்லாம் குச்சி உருவங்கள்தாம். எமிலி என்ற சிறுமியை, 227 ஆண்டுகளுக்கு அப்பாலிருந்து அவளுடைய நகலாகிய ஒரு பெண் அழைத்துப் பேசுகிறாள். பேசுவதெல்லாம் மரணம், இழப்பு, நினைவுகளை விலைக்கு விற்பது போன்ற கனத்த செய்திகள். எமிலியின் காதில் எதுவும் ஏறுவதில்லை. அவளுக்குக் குரல் கொடுத்தவள் இயக்குநரின் நான்கு வயது மருமகள். அந்த வயதுக் குழந்தையிடம் வசனத்தைக் கொடுத்துப் பேசச் சொல்ல முடியாதாகையால், அவள் வரைந்து விளையாடியபோது உளறியவற்றைப் பதிவு செய்து, அவற்றைச் சுற்றிக் கதையை எழுதினார். பெரியவளின் புலம்பலுக்குக் குழந்தை சொல்லும் மறுமொழி ஒவ்வொன்றும் சம்பந்தமில்லாமலும் மிகச் சரியாகவும் இருப்பது அதனால்தான். பாட்டியிடம் கதை கேட்கும் பிள்ளை நடுவே “அது என்ன பூச்சி?” என்று கேட்டு ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தாளம் உடனே பிடிபடும். முதல் பார்வையில் சிரிப்பு மட்டுமே மிஞ்சும். நகைச்சுவை அவ்வளவு நெருக்கமாக அடைக்கப்பட்டிருக்கிறது. நகலாக வந்தவள் இவ்வளவு தூரம் எதற்காக வந்தாள் என்பது தெரிந்தபின் பார்க்கும்போது அதே வரிகள் நெஞ்சை அடைக்கின்றன.

இதற்கு 2017இலும் 2020இலும் தொடர்ச்சிகள் வந்துள்ளன. ஒன்று 22 நிமிடம், மற்றது 34 நிமிடம். இரண்டிலும் உழைப்பும் வண்ணமும் அதிகம், கதையும் அதிகம். முதற்படத்தை இதுவரை ஆறேழு முறை பார்த்திருப்பேன். மற்ற இரண்டையும் தலா ஒரு முறை.