கொம்பி வானின் முகத்தில் ஸ்பெயார் சில்லு: பூட்டலாமா?

திருகோணமலையில் கடலோரம் உள்ள உவர்மலையில் இருக்கும் நண்பர் ஒருவர் தன்னுடைய பழைய வொக்ஸ்வாகன் கொம்பி வானுக்கும் முன்னால் ஸ்பெயார் சில்லு பூட்டப் போகிறாராம். "உம்மட வானில பார்க்க எடுப்பா இருக்கு, பாவிக்க எப்பிடி?" என்று கேட்டார். முன்தகட்டை வெட்டி ஒட்டுப் போட்டு வான் கராஜிலிருந்து திரும்பிய வாரத்தில் கேட்டிருக்கிறார். பதில் கொஞ்சம் சூடாகத்தான் வரும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வசதி என்றால் உண்மையிலேயே வசதி. கொம்பிக்கு எஞ்சின் பின்னால். சாமான் வைக்கிற இடமும் அதற்கு மேலேதான். ஸ்பெயார் சில்லு அங்கிருந்து போனதும் பின்பக்கம் பாய், தலையணை, சமையல் சாமான் எல்லாம் தாராளமாக அடங்கின. புல்மோட்டை வீதியில் டயர் காற்றுப் போனபோது ஒரு பையைக்கூட இறக்கவில்லை. முன்னால் போய் நட்டைக் கழற்றிச் சில்லை எடுத்தேன். முகத்தில் சில்லு இருந்தால் எஞ்சின் சூடாகும் என்று சிலர் பயமுறுத்துவார்கள், அதை நம்ப வேண்டாம். அந்தக் காற்றுக்குளிர் எஞ்சினுக்குக் காற்றுப் போவது வானின் பின்பக்க ஓரத் துவாரங்களால். அழகைப் பற்றியும் குறை சொல்ல மாட்டேன். பழைய வெஸ்ட்ஃபாலியா கேம்பர் வான்கள் சிலவற்றிலும் சில்லு முன்னால்தான்.

என் கோபம் முழுக்க அந்தச் சில்லுக்குப் பின்னால் தங்குகிற ஈரத்தின் மேல். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வாகனம் வைத்திருப்பவருக்கு உப்புக்காற்றைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மற்ற இடங்களில் படிவதைக் கழுவலாம். சில்லுக்கும் தகட்டுக்கும் நடுவில் கை போகாது, துணி போகாது, வெயிலும் போகாது. டயர் வெயிலில் வெடிக்கக்கூடாதென்று உறை போட்டால் இன்னும் மோசம். வாடைக்காற்று மழை விட்டு, ஊரெல்லாம் காய்ந்த பிறகும் உறையின் அடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும்.

இந்தமுறை உறையைக் கழற்றிப் பார்த்தால், போல்ட்டுகளைச் சுற்றிப் பெயின்ட் மிளகு மிளகாகக் கொப்புளித்திருந்தது. ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒன்றை மெல்லத் தொட்டேன். நுனி உள்ளே போய்விட்டது.

சில்லைக் குற்றம் சொல்வதை விட, பூட்டிய விதத்தைக் குற்றம் சொல்வதே நியாயம். தகட்டில் துளை போட்டு நேரே போல்ட்டை முடுக்கிவிட்டார்கள். பாரத்தைப் பரப்ப உட்பக்கம் தடித்த தட்டு வைக்கவில்லை, துளையின் விளிம்புக்குத் துருத்தடுப்பும் பூசவில்லை. கேட்டதற்கு, "ஒண்டும் ஆகாது அண்ணை" என்றார்கள். பள்ளம் மேட்டில் அந்தப் பாரம் ஆட ஆடத் தகடு நெளியும், பெயின்ட் கீறும், கீறலுக்குள் உப்புத்தண்ணீர் இறங்கும். அந்தத் தகட்டுக்குப் பின்னால் இருப்பது எஞ்சின் இல்லை, ஓட்டுகிறவரின் கால். இதை நினைக்கத்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

உயரமும் ஒரு தலையிடி. கொம்பியின் 185R14 அளவு டயர் ஏறத்தாழ 65 சென்ரிமீற்றர் அகலமான வட்டம். கண்ணாடிக்குக் கீழே இருக்கிற காற்றுத் துவாரத்தை அது மறைத்தால் கச்சான் காலத்தில் உள்ளே இருக்க முடியாது. தாழ்த்தினால் நம்பர் பிளேட் மறையும்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: பூட்ட வேண்டாம். கடலுக்குத் தூரமான கந்தளாய்ப் பக்கம் வான் நிற்பதென்றால் யோசிக்கலாம். அப்போதும் பாரம் பம்பரில் இறங்குகிற, கதவு போலத் திறந்து பின்பக்கத்தைக் கழுவக்கூடிய பிராக்கெட்டாகப் பார்க்க வேண்டும். 1971 மாடலோடு சில்லின் போல்ட்டுகள் அமையும் வட்டத்தின் விட்டம் 205 மில்லிமீற்றரிலிருந்து 112 ஆக மாறியது. அதையும் அளந்துதான் வாங்க வேண்டும்.

என்னுடையதைக் கழற்றியாயிற்று. சில்லு திரும்பப் பின்னால் போய்விட்டது, சாமான் வைக்க மறுபடி இடமில்லை. கழற்றிய பிராக்கெட்டைத் தருவீரா என்று நண்பர் கேட்கிறார். வான் உவர்மலையில் நிற்கும் வரைக்கும் தரமாட்டேன்.