46,500 ரூபாய் போச்சு: வீட்டு சிஎன்சி மெஷினுக்கு கன்ட்ரோலர் மாற்றப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

46,500 ரூபாய். இலவசமாகக் கிடைக்கிற மென்பொருளுக்கு லைசென்ஸ் என்று ஒரு தொகை, வரவே வராத கார்டுக்கு ஒரு தொகை, என் மெஷினில் ஏற்கெனவே இருந்த டிரைவர்களுக்கே (மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்துச் சுழற்றும் பெட்டிகள்) இன்னொரு தொகை. கம்ப்யூட்டர், கூலி எல்லாம் சேர்த்து 46,500. கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி பக்கம் சின்ன சிஎன்சி ரூட்டரை (கம்ப்யூட்டர் கட்டளைப்படி மரத்தைச் செதுக்கும் மெஷின்) ஷெட்டில் வைத்துப் பிழைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். கடைசியில் என்னென்ன பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறேன்.

கடைப் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் போகட்டும். சிஎன்சி கிட்டும் உதிரி பாகமும் ஆன்லைனில் விற்று, இடத்துக்கே வந்து மாட்டியும் தருகிற ஒரு சர்வீஸ் கடை. இதற்கு மேல் கேட்காதீர்கள்.

நான் பாளையங்கோட்டையில் மர வேலை செய்கிறேன். பூஜை அறைக் கதவு, நிலைக்கு மேலே வரும் கஜலட்சுமி பலகை, பெயர்ப் பலகை, இதெல்லாம்தான் வருமானம். மெஷின் மூன்றடிக்கு இரண்டடி. ஒய் அச்சுக்கு இரண்டு என்று மொத்தம் நான்கு நேமா 23 அளவு மோட்டார், டிபி6600 என்று விற்கிற டிரைவர்கள், விஎஃப்டியில் (வேகத்தை மாற்றும் மின் பெட்டி) ஓடுகிற ஸ்பிண்டில் (வெட்டும் பிட்டைச் சுழற்றும் மோட்டார்). மூளை, அதாவது கன்ட்ரோலர், ஆர்டினோ ஊனோ என்கிற சின்ன போர்டு, அதில் மெஷினை ஓட்டும் ஜிஆர்பிஎல் மென்பொருள், அதன் மேல் வயர்களை இணைக்கும் சிஎன்சி ஷீல்டு. பழைய லேப்டாப்பில் இருந்து ஜி-கோடு (எப்படி நகர வேண்டும் என்ற கட்டளைகள்) அனுப்புவேன். இரண்டு வருஷமாக இதுதான் சோறு போட்டது.

போன ஆனி மாதம் தொல்லை ஆரம்பித்தது. பாதி வேலையில் மெஷின் நின்றுவிடும். திரையில் அலாரம் 1. அதாவது ஓரத்தில் மெஷினை நிறுத்தும் லிமிட் சுவிட்ச் தட்டிவிட்டது என்று கன்ட்ரோலர் நினைக்கிறது. ஆனால் கேன்ட்ரி (ஸ்பிண்டிலைத் தாங்கி நகரும் பாலம்) நடு மேஜையில் நிற்கும், சுவிட்ச் எட்டாத தூரத்தில் இருக்கும். அலாரம் 1 வந்து நின்றால் மெஷின் தன் இடத்தைத் தொலைத்திருக்கும், மறுபடி ஹோமிங் (தொடக்க இடத்தைத் தேடிப் பிடிப்பது) செய்யாமல் தொடர முடியாது. அது போதாதென்று எக்ஸ் பக்கம் டிசைன் சில சமயம் மூன்று நான்கு மில்லிமீட்டர் நகர்ந்துபோகும். தேக்கில் கோலம் வெட்டும்போது மூன்று மில்லி நகர்ந்தால் அந்தப் பலகை அடுப்புக்குத்தான்.

ஆவணி முகூர்த்தத்துக்குக் கதவு கேட்டு மூன்று வீட்டுக்காரர்கள் காத்திருந்தார்கள். அதனால்தான் அந்தக் கடைக்குப் போன் போட்டேன்.

வந்த ஆளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏமாற்று அங்கேதான் தொடங்கியது. நம்ம ஊர்ப் பேச்சு. வந்ததும் "அண்ணாச்சி, மெஷினை நல்லா வச்சிருக்கீயளே"ன்னு தடவிக்கொடுத்தான். டீ குடித்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு என்று விசாரித்தான். அதன்பிறகு செய்ததைப் பார்த்துத்தான் நான் முழுசாக நம்பினேன். ஸ்பிண்டிலை ஓடவிட்டான். அனுப்பும் மென்பொருளில் லிமிட் சுவிட்சுகளின் நிலையைக் காட்டும் இடத்தைப் பார்க்கச் சொன்னான். ஸ்பிண்டில் வேகம் ஏற ஏற, யாரும் தொடாத எக்ஸ் லிமிட் அணைந்து அணைந்து எரிந்தது. நிறுத்தினால் சுத்தமாக நின்றது. "பாத்தீயளா, விஎஃப்டியில இருந்து நாய்ஸ் லிமிட் வயர்ல ஏறுது"ன்னான். நாய்ஸ் என்றால் பக்கத்து வயரில் இருந்து ஏறும் மின் குறுக்கீடு. சரியாகச் சொன்னான். நோய் என்ன என்று அந்த ஆளுக்கு முதல் நாளே தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நோய் தெரிந்த ஆள் மருந்தைச் சொல்லவில்லை. "ஜிஆர்பிஎல் பிள்ளையள் விளையாட்டுக்கு உள்ளது அண்ணாச்சி. நீங்க தொழில் பண்ணுதிய. லினக்ஸ்சிஎன்சிக்கு மாறிருங்க. ஈதர்நெட் கார்டு போட்டுத் தாரேன், நாய்ஸே வராது"ன்னான். லினக்ஸ்சிஎன்சி என்பது கம்ப்யூட்டரில் இருந்தே மெஷினை ஓட்டும் இன்னொரு மென்பொருள். வாட்ஸ்அப்பில் கணக்கு வந்தது. மெசா ஈதர்நெட் கார்டு (நெட் கேபிளில் இணைந்து மோட்டார்களை ஓட்டும் கார்டு) 22,000. கம்ப்யூட்டர் 8,000. புது டிஜிட்டல் டிரைவர் நான்கு 6,000. லினக்ஸ்சிஎன்சி லைசென்ஸ், மெஷின் ஒன்றுக்கு, 5,500. வயரிங் கூலி 5,000. ஆக 46,500. பாதியை அப்போதே போனில் அனுப்பினேன்.

அந்த 5,500-ஐப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், நினைத்தாலே வயிறு எரிகிறது. லினக்ஸ்சிஎன்சிக்கு லைசென்ஸ் கீ என்று ஒன்று கிடையவே கிடையாது. அமெரிக்க அரசின் நிஸ்ட் நிறுவனத்தில் 1990-களில் தொடங்கிய வேலை அது, இன்று உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் வளர்க்கிறார்கள். ஜிபிஎல் உரிமம். யார் வேண்டுமானாலும் இறக்கி, எத்தனை மெஷினில் வேண்டுமானாலும் போடலாம். ஜிஆர்பிஎல்லும் அப்படித்தான், 2009-இல் நார்வேக்காரர் ஒருவர் எழுதி ஊருக்குக் கொடுத்தது. மென்பொருளைப் போட்டுத் தந்ததற்குக் கூலி கேட்கலாம், அதில் தப்பே இல்லை, நானும் கூலி வாங்குகிறவன்தான். ஆனால் இல்லாத கீயை எழுதி, "கம்பெனிக்குக் கட்டணும் அண்ணாச்சி"ன்னு சொல்லி வாங்கியது திருட்டு. எந்தக் கம்பெனி?

பெட்டி வந்தது. மூடிய பெட்டி, பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர், பிரித்தால் வாரண்டி இல்லையாம். கம்ப்யூட்டருக்கும் பெட்டிக்கும் நடுவே 25 பின் கேபிள் (பழைய பிரிண்டர்களில் வரும் பேரலல் போர்ட் கேபிள்). நெட் கேபிள்தானே வரணும் தம்பி என்று கேட்டேன். "அது அடாப்டர் அண்ணாச்சி, கார்டு உள்ள கெடக்கு"ன்னான். துண்டு பிளைவுட்டில் சின்னதாக ஒரு தாமரை, மெதுவாக வெட்டிக் காட்டினான். அழகாக வந்தது. மீதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போனான். முழு 46,500-உம் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் சேரன்மகாதேவி வீட்டுக் கதவை ஏற்றினேன். வழக்கமான வேகம். கொஞ்ச நேரத்தில் ரியல்டைம் தாமதம், அதாவது கம்ப்யூட்டர் உரிய நேரத்தில் வேலையை முடிக்கவில்லை, என்று திரையில் பிழைச் செய்தி. மோட்டார் உறுமியது, எக்ஸ் தவறியது, கொடியெல்லாம் கோணல். திரும்ப ஹோமிங் செய்து வேகத்தைக் குறைத்து ஓட்டினால், ஜாயின்ட் 0 (எக்ஸ் அச்சு) லிமிட் சுவிட்சில் இருக்கிறது என்று சொல்லி நின்றது. அதே நோய், புதுப் பெயரில். தேக்குப் பலகை வீண். அதன் விலையை நான் 46,500-இல் சேர்க்கக்கூட இல்லை.

போன் போட்டேன். முதலில் "எர்த் சரியில்ல, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்க". எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து எர்த் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு "உங்க ஃபைல்ல பிழை". அதே ஃபைல் பழைய ஊனோவில் பலமுறை வெட்டியது. பிறகு "பையன் நாளைக்கு வாரான்". பையன் வரவில்லை. பிறகு "வெளியூர்ல இருக்கேன்". வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. கடையின் விற்பனைப் பக்கத்தில் என் கருத்தைப் போட்டேன், அன்று மாலையே காணோம். கடைசியாக வேறு எண்ணில் இருந்து கூப்பிட்டபோது எடுத்தான். அப்போது சொன்ன வார்த்தை காதிலேயே நிற்கிறது: "ஓப்பன் சோர்ஸ்னா அப்படித்தான் அண்ணாச்சி. ஃப்ரீ சாஃப்ட்வேர். இதுக்கு யாரும் கேரண்டி தர மாட்டாவ, லைசென்ஸ்லயே போட்டிருக்கு."

காசு வாங்கும்போது அது லைசென்ஸ் உள்ள சாமான். கெட்டுப்போனால் அது ஃப்ரீ. அப்படியானால் என் 5,500 எதற்கு என்று கேட்டேன். வைத்துவிட்டான்.

உத்தரவாதம் இல்லை என்று உரிமத்தில் இருப்பது உண்மைதான். அது மென்பொருளை எழுதி இலவசமாகக் கொடுத்தவர்கள் தங்களுக்குப் போட்டுக்கொண்ட வரி. எங்கோ உட்கார்ந்து ராத்திரி ராத்திரியாக எழுதிக் கொடுத்த மனுஷன், பாளையங்கோட்டையில் மெஷின் நின்றால் பொறுப்பாக முடியாது, நியாயம். ஆனால் கார்டு விற்றவன், டிரைவர் விற்றவன், வயர் இழுத்துக் கூலி வாங்கியவன் அந்த வரிக்குப் பின்னால் ஒளிய முடியாது. ஊருக்காக உழைத்தவர்கள் பெயரைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு இவன் திருடுகிறான். பணம் போனதை விட எனக்கு இது அதிகமாக எரிகிறது. இப்படி நாலு பேர் செய்தால், ஓப்பன் சோர்ஸ் என்றாலே டுபாக்கூர் என்று நம்ம பக்கத்துப் பட்டறைக்காரர்கள் எல்லாம் ஒதுங்கிப்போவார்கள்.

பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் சேக்காளி வந்து பெட்டியைத் திறந்தான். ஸ்டிக்கராவது மண்ணாவது. உள்ளே மெசா கார்டு இல்லை. பேரலல் போர்ட்டில் மாட்டுகிற சாதாரண பிரேக்அவுட் போர்டு (வயர்களைப் பிரித்துக் கொடுப்பது மட்டும்), சில நூறு ரூபாய்ச் சாமான். டிரைவர்கள் மேல் பளபளவென்று புது லேபிள். ஒன்றை உரித்தான். அடியில் கறுப்பு மார்க்கரில் எக்ஸ் என்று என் கையெழுத்து. "வே, இது உம்ம டிரைவர்லாவே"ன்னான். நான்கையும் உரித்தோம். நான்கும் என்னுடையவை. என் பொருளையே எனக்கு 6,000-க்கு விற்றிருக்கிறான்.

கம்ப்யூட்டர் எங்கோ ஆபீஸில் கழித்துப்போட்டது. லினக்ஸ்சிஎன்சியோடு வரும் லேட்டன்சி (தாமதம்) சோதனையை ஓட்டினான். பேரலல் போர்ட் வழியாகக் கம்ப்யூட்டரே மோட்டாரை நகர்த்தும் ஒவ்வொரு துடிப்பையும் அனுப்புவதால், அது தாமதித்தால் மோட்டார் தவறும். அதிகபட்ச ஜிட்டர் (தாமதத்தின் ஏற்ற இறக்கம்) 20,000 நானோசெகண்டுக்குள் இருந்தால் அருமை, 50,000 வரை சமாளிக்கலாம், ஒரு லட்சம் தாண்டினால் இந்த வேலைக்கு ஆகாது. இதில் இரண்டு லட்சத்துக்கு மேல் காட்டியது. நிஜமான ஈதர்நெட் கார்டு இருந்திருந்தால் துடிப்பை அதுவே உண்டாக்கும், கம்ப்யூட்டர் கொஞ்சம் தடுமாறினாலும் தாங்கும். அதற்குத்தானே 22,000 கொடுத்தேன்?

இதையெல்லாம் விட ஒன்று. லிமிட் வயர் இருந்த இடத்திலேயே இருந்தது. விஎஃப்டியில் இருந்து ஸ்பிண்டிலுக்குப் போகிற கேபிளோடு சேர்த்து, ஒரே டிராக் செயினில் (கேபிள்களைத் தாங்கி நகரும் சங்கிலி), பழைய கட்டோடு. நோய் அதுதான் என்று முதல் நாளே கண்டுபிடித்துச் சொன்னவன், 46,500 வாங்கிய பிறகும் அந்த வயரைத் தொடவில்லை. தெரியாமல் செய்திருந்தால் மன்னிக்கலாம்.

சேக்காளி அலமாரியில் கிடந்த ஊனோவையே திரும்ப மாட்டினான். லிமிட்டுக்கு ஷீல்டு கேபிள் (உலோக உறை சுற்றியது), அந்த உறையை கன்ட்ரோலர் பக்கம் மட்டும் எர்த்துக்குக் கொடுத்தான். ஸ்பிண்டில் கேபிளை விட்டுத் தள்ளித் தனி வழியில் இழுத்தான். ஒவ்வொரு லிமிட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், கூடவே வலுவான புல்-அப் ரெசிஸ்டர், இரண்டும் நாய்ஸை அடக்க. எக்ஸ் நகர்ந்ததற்குக் காரணம் வேறு: மோட்டார் தண்டை இணைக்கும் கப்ளிங்கில் கிரப் ஸ்க்ரூ (சின்னத் திருகு) தளர்ந்திருந்தது. அதை இறுக்கி, ஜிஆர்பிஎல்லின் $120 அமைப்பில் எக்ஸ் முடுக்கத்தையும் கொஞ்சம் குறைத்தான். சாமான் செலவு ஆயிரத்தைத் தொடவில்லை. அலாரம் போன இடம் தெரியவில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று சொன்னேன். விரிவாக எழுத இப்போது மனசு இல்லை, அவசரத்துக்கு இவ்வளவு:

அலாரம் 1 வந்தால் ஸ்பிண்டிலை அணைத்துவிட்டு அதே ஃபைலைக் காற்றில் ஓட்டுங்கள். வரவில்லை என்றால் வயரிங்கில் நாய்ஸ், கன்ட்ரோலர் மாற்ற வேண்டாம். சந்தேகம் தீர ஜிஆர்பிஎல்லில் $21=0 (லிமிட் சுவிட்ச் நிறுத்தத்தை அணைக்கும் அமைப்பு) போட்டு ஒருமுறை பாருங்கள், பக்கத்திலேயே நின்று, எமர்ஜென்சி சுவிட்சில் கை வைத்து.

ஜிஆர்பிஎல்லுக்கோ லினக்ஸ்சிஎன்சிக்கோ லைசென்ஸ் கீ என்று யாராவது காசு கேட்டால் அங்கேயே வெளியே அனுப்புங்கள்.

பேரலல் போர்ட் என்று சொன்னால் லேட்டன்சி சோதனையை உங்கள் கண் முன்னே ஓட்டச் சொல்லுங்கள். கார்டு என்று சொன்னால் பெட்டியை மூடுவதற்கு முன் காட்டச் சொல்லிப் படம் எடுங்கள். கழற்றிய பழைய டிரைவர்களைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சோதனையை உங்கள் வழக்கமான வேகத்தில், உங்கள் ஃபைலில் ஓட்டிக் காட்டும் வரை மீதிப் பணம் வேண்டாம். ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு ரூபாயும் வேண்டாம்.

ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், வாட்ஸ்அப் பேச்சையும் பணம் அனுப்பிய ரசீதையும் அழிக்காதீர்கள். நானும் பதிவு செய்துவிட்டேன், 46,500-க்கும் கணக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி மூடிய பெட்டி, 25 பின் கேபிள், லைசென்ஸ் கட்டணம் என்று யாருக்காவது நடந்திருந்தால் கீழே எழுதுங்கள், புகாரில் சேர்த்துக்கொள்கிறேன். மீதியைப் பிறகு எழுதுகிறேன், சேரன்மகாதேவி வீட்டுக்கு வேறு தேக்குப் பலகை எடுக்க இப்போது டிப்போவுக்குக் கிளம்ப வேண்டும்.