போர்ட் வெட்ட வாங்கிய மகிடா டிரிம்மர்: ஒரு வருடம் கழித்து

வீட்டில் ஸ்பீக்கர் பாக்ஸ் செய்பவர் ஒரே ஒரு மின்கருவிக்குத்தான் காசு ஒதுக்க முடியும் என்றால், அது டிரிம்மராக, அதாவது பலகையில் ஓட்டையும் விளிம்பும் வெட்டும் சின்ன ரூட்டராக, இருக்கட்டும். என்னிடம் இருப்பது மகிடா ஆர்டி0700சி. 710 வாட், வேகத்தை 10,000 முதல் 30,000 ஆர்பிஎம் வரை திருகி மாற்றலாம், ஒரு கையில் அடங்கிவிடும்.

வாங்கக் காரணம் என் பழைய 8 அங்குல ஊஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) பாக்ஸ். அதில் போர்ட் ஓட்டையை, அதாவது பேஸுக்காக பாக்ஸின் காற்று போய் வரும் வழியை, ஜிக்சா ரம்பத்தில் வெட்டி, பிவிசி பைப்பைச் செருகி, இடைவெளியை எம்-சீல் வைத்து அடைத்திருந்தேன். சத்தம் குறைவாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. கொஞ்சம் கூட்டி, கனமான பேஸ் வந்தால் போதும், பைப் வாயிலிருந்து புஸ் புஸ் என்று காற்று சீறும். கூரான விளிம்பில் காற்று சுழித்து உடைகிற சத்தம் அது.

பைப்பைப் பெரிதாக்கினால் சரியாகிவிடுமே என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 லிட்டர் பாக்ஸை 35 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்ய, அதாவது போர்ட் அந்த அதிர்வெண்ணில் ஒலிக்க, உள்விட்டம் 7 செ.மீ. என்றால் முன்பலகையின் கனத்தையும் சேர்த்து சுமார் 18 செ.மீ. நீளம் போதும். விட்டம் 10 செ.மீ. ஆனால் நீளம் 41 செ.மீ.க்குப் போய்விடுகிறது, அது என் பாக்ஸுக்குள் நுழையவே நுழையாது. ஆகவே வாயை வளைத்து வழவழப்பாக்க வேண்டியதுதான்.

டிரிம்மரின் அடித்தகட்டைக் கழற்றிவிட்டு, மெல்லிய அக்ரிலிக் தகட்டில் ஒரு ஆணி மையம் வைத்து மாட்டினேன். ஆணியைச் சுற்றி ஓட்டினால் காம்பஸில் போட்டது போல வட்டம் விழுகிறது. 18 மி.மீ. எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த) பலகையை ஒரே மூச்சில் வெட்டக் கூடாது, சுற்றுக்கு 3 மி.மீ. ஆழம்தான். கடைசிச் சுற்றில் நடுவட்டு கழன்று ஆடினால் பிட் (சுழன்று வெட்டும் அலகு) பக்கவாட்டில் கடித்துவிடும், அதனால் பலகைக்கு அடியில் ஒரு வேஸ்ட் பலகையை வைத்து இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டிக்கொள்ளுங்கள்.

முன்பக்கத்துக்கு இரண்டு பலகை போட்டேன். வெளிப்பலகையின் ஓட்டை பைப்பின் உள்விட்டம், உள்பலகையில் வெளிவிட்டம். பைப் உள்ளே போய் ஒரு படியில் உட்காரும், வெளியிலிருந்து பார்த்தால் இணைப்பே தெரியாது. அப்புறம் விளிம்பை வளைவாக்க 3/8 அங்குல ரவுண்ட் ஓவர் பிட். ஓட்டையின் உள்விளிம்பு என்பதால் கடிகாரச் சுற்றில் ஓட்ட வேண்டும், மாற்றி ஓட்டினால் கருவி கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடும். ஒரே இடத்தில் தயங்கி நின்றால் எம்டிஎஃப் கருகிப் பழுப்புக் கோடு விழுகிறது. விரலை உள்ளே விட்டு வளைவைத் தடவிப் பார்த்தபோது அடைந்த சந்தோஷம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

வாங்கும்போது கவனம்: பிட்டை நான் வேறொரு கடையில் வாங்கினேன். 6 மி.மீ. என்று சொல்லிக் கொடுத்தார்கள், ஆனால் அது கால் அங்குலத் தண்டு, அதாவது 6.35 மி.மீ. டிரிம்மரில் பிட்டைப் பிடிக்கும் 6 மி.மீ. கோலெட்டில் அது போகாது. ஒரு நாள் வீண். வெர்னியர் வைத்து அளந்து பார்த்தே வாங்குங்கள்.

பைப்பின் உள்முனையை மறந்துவிடாதீர்கள், காற்று அந்தப் பக்கமும்தான் போய் வருகிறது. மொட்டைமாடியில் வைத்து ஹாட் ஏர் கன்னால் இளக்கி, ஒரு செம்பின் அடிப்பக்கத்தில் அழுத்தி விரித்தேன். பின்பலகைக்கும் அந்த முனைக்கும் நடுவில் குறைந்தது பைப்பின் விட்டமளவு இடம் இருக்கட்டும்.

இப்போது சீறல் முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், முழு வால்யூமில் 30 ஹெர்ட்ஸ் டோன் போட்டால் இன்னும் லேசாகக் கேட்கிறது. பாட்டில் கேட்கவில்லை, அதுதான் எனக்கு வேண்டியது.

குறை என்றால் தூசிதான். எம்டிஎஃப் மாவு மூக்கு, கண், பக்கத்து வீட்டுத் துணி என்று எல்லா இடத்திலும் படியும், மாஸ்க் இல்லாமல் தொடவே வேண்டாம். வாழ்நாளில் ஒரே ஒரு பாக்ஸ்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் கருவி வாங்காமல் பலகையை சிஎன்சி (கணினி இயக்கும் மெஷின்) கடையில் கொடுத்து வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டாவது பாக்ஸும் மனதில் இருந்தால் தயங்காமல் வாங்கலாம்.